கோப்பு மாற்றச் சர்வரும் தீச்சுவரும்: பழுது காணும் முறை

கணினிகள் தம்முள் கோப்புகளைப் பரிமாறிக்கொள்ள ஏற்பட்ட முறைகளுள் மிகப் பழமையானவற்றில் ஒன்று எப்.டி.பி. என்பதாகும். கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் முதல் அணி மாணவரான அபய் பூஷண், அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இருந்தபொழுது, 1971 ஏப்ரலில் இதன் முதல் விதிமுறையை எழுதினார். இன்றும் அடிப்படையாக விளங்கும் விதிமுறை 1985 அக்டோபரில் வகுக்கப்பட்டது. இம்முறை தோன்றிய காலத்தில் தீச்சுவர் என்ற காவல் ஏற்பாடே இல்லை. இவ்விரண்டுக்கும் இடையே இன்று நேரும் பிணக்குகளுக்கு இதுவே மூல காரணம்.

உதாரணமாக, ஒரு மண் பரிசோதனை நிலையத்தைக் கருதலாம். அங்குள்ள சர்வரின் முகவரி 192.168.1.10. வெளிக்களப் பணியாளர் மாலைதோறும் தம் அளவீடுகளை அதில் சேர்க்க வேண்டும். ஒருநாள் கோப்பு போய்ச் சேரவில்லை. மடிக்கணினியில் உள்ள ஒரே பிரதியும் அழிந்தால், அன்றைய உழைப்பு முழுவதும் வீணாகும். அவசரத்தில் தீச்சுவரை அடியோடு நீக்கிவிடுதல் பலரிடம் காணப்படும் வழக்கம். இது தவறு. 2017 மே மாதம் வானாகிரை என்னும் தீநிரல், 445 என்ற துறை எண் திறந்து கிடந்த, திருத்தம் செய்யப்படாத கணினிகளில் தானாகவே புகுந்து, பல நாடுகளில் கோப்புகளைப் பூட்டிவிட்டது.

இரு இணைப்புகள்

போர்ட் எனப்படும் துறை, கணினியின் வாயிலைக் குறிக்கும் எண் ஆகும். எப்.டி.பி. ஒரே வாயிலோடு நிற்பதில்லை. பயனர் பெயர், கடவுச்சொல், கட்டளைகள் ஆகியவை சர்வரின் 21ஆம் துறை வழியே செல்லும். கோப்புப் பட்டியலும் கோப்பும் செல்வதற்கு வேறோர் இணைப்பு வேண்டும். இது இருவகைப்படும்.

முதலாவது செயல்முனை முறை. இதில் சர்வர் தன் 20ஆம் துறையிலிருந்து பயனரின் கணினியை நோக்கி இணைப்பைத் தொடங்கும். அழையாது வரும் இவ்விணைப்பைப் பயனரின் தீச்சுவர் தடுத்துவிடக்கூடும்.

இரண்டாவது ஏற்புமுறை. இதில் சர்வர் ஒரு துறை எண்ணைத் தெரிவிக்க, பயனரின் கணினியே அதனை நாடிச் செல்லும். அத்துறையைச் சர்வரின் தீச்சுவர் அனுமதிக்காவிடில் பட்டியல் வராது.

சர்வர் துறை எண்ணைத் தெரிவிக்கும் விடை 227 என்று தொடங்கும். அதில் ஆறு எண்கள் இருக்கும். 192,168,1,10,195,80 என வந்ததாகக் கொண்டால், முதல் நான்கும் முகவரி. ஐந்தாம் எண்ணை 256ஆல் பெருக்கி ஆறாவதைக் கூட்டினால் துறை எண் கிடைக்கும்: 195 × 256 + 80 = 50000. மாணவர்க்கு இது நல்ல கணக்குப் பயிற்சியும் ஆகும்.

பழுது காணும் ஒழுங்கு

1. சர்வர் கணினியிலேயே அமர்ந்து 127.0.0.1 என்ற முகவரியில் இணைந்து பார்த்தல் வேண்டும். இணையாவிடில் பெரும்பாலும் எப்.டி.பி. நிரலே இயங்கவில்லை என்று கொள்ளலாம்.

2. பின்னர் வேறொரு கணினியிலிருந்து 21ஆம் துறையை நாட வேண்டும். உடனே மறுப்பு வந்தால், பெரும்பாலும் கணினி எட்டியது, ஆனால் அத்துறையில் கேட்பார் இல்லை என்று பொருள். நெடுநேரம் காத்து, காலங்கடந்தது என்று வந்தால், தீச்சுவர் ஓசையின்றி வீழ்த்துகிறது, அல்லது முகவரி தவறு. பிங் கட்டளைக்கு விடை வராமை மட்டும் சான்றாகாது. தீச்சுவர் அதனையும் தடுக்கக்கூடும்.

3. கடவுச்சொல் ஏற்கப்பட்டு, பட்டியல் மட்டும் வராமல் நின்றால், பழுது இரண்டாம் இணைப்பில் உள்ளது. 425 என்ற எண்ணும் இதனையே குறிக்கும். 530 என்று வந்தால் நுழைவு ஏற்கப்படவில்லை. தீச்சுவரை ஆராய்வதில் பயனில்லை.

4. விண்டோஸ் கணினியில் பிணையம் பொது என்றும் தனியார் என்றும் வகைப்படுத்தப்படும். விதி தனியார் வகைக்கு எழுதப்பட்டு, பிணையம் பொது வகையில் இருந்தால், விதி இருந்தும் பயன் தராது. ரௌட்டரை மாற்றியபின் இது நேர்வதுண்டு.

பரிகாரம்

சர்வர் நிரலில் ஏற்புமுறைக்குரிய துறைகளை 50000 முதல் 50050 வரை என வரையறுக்க வேண்டும். தீச்சுவரில் 21ஆம் துறையையும் அதே வரம்பையும் டி.சி.பி. வகையில் உள்வரும் இணைப்புகளுக்குத் திறக்க வேண்டும். இரண்டு இடங்களிலும் எண்கள் ஒன்றாயிருத்தல் அவசியம். 192.168.1 எனத் தொடங்கும் உள்ளிட முகவரிகளுக்கு மட்டுமே அனுமதி அளித்தல் நலம். சர்வரின் முகவரி மாறாதிருக்குமாறு நிலைப்படுத்துதலும் வேண்டும்.

சில தீச்சுவர்கள் 227 விடையைப் படித்து, வேண்டிய துறையைத் தாமே திறந்துவிடும். மறையாக்கம் செய்த எப்.டி.பி.யில் அவ்விடையைப் படிக்க இயலாது. ஆதலால் அங்கு வரம்பை முன்னரே திறந்து வைத்தல் இன்றியமையாதது.

ஐயம் தீரத் தீச்சுவரை நிறுத்திப் பார்க்க வேண்டுமாயின், முதலில் இணையத் தொடர்பைத் துண்டித்து, ஒரே ஒரு சோதனை செய்து, உடனே மீண்டும் இயக்க வேண்டும். நிறுத்தியபோது கோப்பு சென்றால் குறை விதியில் உள்ளது. விதியைத் திருத்துவதே முறை.

மறையாக்கம் இல்லாத எப்.டி.பி.யில் கடவுச்சொல் திறந்த எழுத்தாகவே செல்கிறது. எஸ்.எப்.டி.பி. என்பது வேறொரு முறை. அதில் அனைத்தும் மறையாக்கம் பெற்று, வழக்கமாக 22ஆம் துறை ஒன்றின் வழியே செல்லும். தீச்சுவரில் ஒரு விதியே போதும். புதிதாக நிறுவுவோர் இதனைத் தேர்தல் சிறப்பு. எம்முறையாயினும், திறந்த துறை எண், தேதி, காரணம் ஆகியவற்றைப் பதிவேட்டில் குறித்து வைத்தால், பின்வரும் பணியாளர்க்குப் பெரிதும் உதவும்.