‘நல்லா இருக்கு தம்பி’ என்றால் நம்பாதீர்கள்

கெடா மாநிலத்துச் சுங்கை பட்டாணியிலோ கூலிமிலோ ஒரு வயர்மேன் கையில், விற்பனைக்கு வரப்போகும் புது டிரில்லைக் கொடுத்து, “எப்படிண்ணே இருக்கு?” என்று கேட்டுப் பாருங்கள். “நல்லா இருக்கு தம்பி” என்பார். சும்மா வந்ததைக் குறை சொல்ல யாருக்கு மனம் வரும்? அந்தப் பதிலை அப்படியே அறிக்கையில் எழுதி அனுப்பினால், சரக்கு கிடங்கில்தான் தூங்கும்.

முதலில் சட்டம். மின்சாரத்தில் ஓடும் கைக்கருவிகள் பலவற்றை மலேசியாவில் விற்க எரிசக்தி ஆணையத்தின் அங்கீகாரமும் சிரிம் லேபிளும் வேண்டும். அதை முடித்துவிட்டுக் கடை ஏறுங்கள்.

அடுத்து, கருவியில் உள்ள பெயரைக் கறுப்பு டேப் ஒட்டி மறையுங்கள். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தொழிலாளர் வாங்கும் மின்கருவிச் சந்தையில் மக்கீட்டாவின் பங்கு ஏறக்குறைய பாதி; பிளாக் அண்ட் டெக்கருக்கு வெறும் 9 விழுக்காடு. கருவி மட்டமில்லை. அடுப்படிச் சாமான்களில் பார்த்த அதே பெயரைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போகத்தான் அவர்களுக்குக் கூச்சம். 1992-ல் பிளாக் அண்ட் டெக்கர் தன் கைவசமிருந்த டிவால்ட் என்ற பெயருக்கு மஞ்சள் பூசி இறக்கியது, சந்தை திரும்பியது. ஒரு வாரம் டேப்போடு, ஒரு வாரம் டேப் இல்லாமல் கொடுங்கள். கருத்து மாறினால் கோளாறு மோட்டாரில் இல்லை.

பிறகு வேலையிடத்துக்கே போங்கள். பீடோங் பக்கத்துப் பழைய தோட்ட வீடு, தகரக் கூரை, மதிய வெயில். ஏணிமேல் நிற்பவரின் இடது கை டிரங்கிங்கைப் பிடித்திருக்கும். வலது கை வியர்வையில் வழுக்கும். பேட்டரி கிளிப்பை ஒற்றைக் கட்டைவிரலால் அழுத்த முடிகிறதா? அழுத்திப் பார்த்துச் சலித்து, உங்கள் டிரில்லைக் கீழே வைத்துவிட்டுப் பையிலிருந்து தன் பழையதை எடுப்பார். கேள்வி கேட்க வேண்டிய நேரம் அதுதான். சாயங்காலம் கடையில் தே தாரிக் குடித்தபடி கேட்டால் மரியாதைப் பேச்சுதான் மிஞ்சும்.

எங்கே பயன்படுத்தினார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மலேசிய செம்பனை வாரியம் உருவாக்கிய ‘சந்தாஸ்’ இயந்திரக் குலைவெட்டி குட்டை மரங்களுக்கானது. வளர்ந்த மரத் தோட்டத்தில் அதைக் கொடுத்து அபிப்பிராயம் கேட்டால் திட்டுதான் விழும். மரத்தின் உயரம் எழுதப்படாத கருத்தை வைத்து என்ன செய்வது? டிரில்லும் அப்படித்தான்: செங்கல்லா, கான்கிரீட்டா, பலகையா?

கெடாவில் அரசு வார விடுமுறை வெள்ளி, சனி. பள்ளிக்கூட கொந்திராக் எடுப்பவர்கள் வகுப்பு இல்லாத அந்த நாட்களில் மும்முரமாக இருக்கலாம். போன் போட்டுவிட்டுப் போங்கள்.

கடைசியில், “பாதி விலைக்குத் தரேன், வச்சுக்கிறீங்களாண்ணே?” என்று கேளுங்கள். அதுவரை புகழ்ந்தவர், “கெட்டுப்போனா யாரு தம்பி ரிப்பேர் பண்றது? பினாங்குக்குத் தூக்கிட்டுப் போகணுமா?” என்பார். அதற்குச் சுங்கை பட்டாணியிலேயே ஒரு கடை விலாசம் கையில் இருக்கட்டும்.