விரைந்து மெலிவதா, மெல்ல மெலிவதா?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறியோசை இப்போது எல்லா வீட்டிலிருந்தும் எழுவதில்லை. எழுகிற வீடுகளிலோ, குழித்தறியின் முன் காலையில் அமர்ந்தவர் அந்தி சாயும் வரையில், கால் மிதியிலும் கை நாடாவிலும் ஓயாமல் இயங்க, இடுப்பு மாத்திரம் இருந்த இடத்திலேயே இருக்க, உழைத்துக்கொண்டிருக்கிறார். இந்த உழைப்பில் களைப்புக்குக் குறைவில்லை. ஆனால் உண்ட சோறு முழுவதும் செலவாகும் அளவுக்குத் தேகம் அசைவதில்லை. ஆகையால் நாற்பதைக் கடந்தவருக்கு வேட்டி மடிப்பின்மேல் வயிறு எட்டிப் பார்ப்பதும், ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற திட்டத்தின்படி 2021 முதல் வீடு தேடி வருகிற ஊழியர் விரல் நுனியில் ரத்தம் எடுத்துச் சர்க்கரை கூடுதல் என்று குறித்துக்கொண்டு போவதும் அதிசயமாகத் தோன்றுவதில்லை. அன்று மாலையே யோசனைகள் வந்து குவியும். சோற்றை அடியோடு விட்டு ஒரே மாதத்தில் பத்துக் கிலோ இறக்கிய சகலையை ஒருவர் சாட்சிக்கு இழுப்பார். வேகமாக இறங்குவது வேகமாக ஏறிவிடும், பொறுமையாகக் குறை என்று இன்னொருவர் தலையை ஆட்டுவார். இருவர் பேச்சிலும் பாதி உண்மை உண்டு. எந்தப் பாதி என்பதைத் தெரிந்துகொண்ட பிறகு வழியைத் தேர்ந்தெடுப்பதே விவேகம்.

முதலில், குறைக்க வேண்டிய அவசியம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தியரின் தேகவாகுக்கு, உயரத்துக்கேற்ற எடையைக் குறிக்கும் பி.எம்.ஐ. 23-ஐத் தாண்டினால் அதிக எடை என்றும், 25-ஐத் தாண்டினால் உடற்பருமன் என்றும் நம் நாட்டு மருத்துவர்கள் வகுத்திருக்கிறார்கள். தராசைவிடத் தையற்காரரின் டேப்பே நம்மவருக்கு நல்ல சாட்சி என்பது என் அபிப்பிராயம்: இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் கடந்தால் கவனம் வேண்டும்.

இனி விரைவு வழியை எடுத்துக்கொள்வோம். உட்கார்ந்து வேலை செய்யும் நடுவயதினர் ஒருவர் நாளொன்றுக்கு 2,000 கலோரி செலவிடுகிறார் என்று வைத்துக்கொண்டால், இந்த வழி அவருடைய ஆகாரத்தை ஏறக்குறைய 800 கலோரியில் நிறுத்திவிடுகிறது, பற்றாக்குறை 1,200. ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி அடங்கியிருப்பதால், இத்தனை கடுமையாக ஒரு வாரம் இருந்தாலும் கரைகிற கொழுப்பு ஒரு கிலோவுக்குச் சற்று மேலேதான். அப்படியானால் முதல் வாரத்திலேயே மூன்று கிலோ, நான்கு கிலோ இறங்கிற்று என்று மார்தட்டுகிறவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை, தராசு சரியாகவே காட்டுகிறது. ஈரலிலும் தசையிலும் சேமிப்பாக இருக்கும் கிளைக்கோஜன் என்ற மாவுப்பொருள் ஒவ்வொரு கிராமுக்கும் மூன்று கிராம் அளவு நீரைப் பிடித்து வைத்திருக்கிறது. சோற்றை நிறுத்தியதும் அது செலவாகி, நீரும் வெளியேறிவிடுகிறது. தமிழ்நாட்டில் சில ஆண்டுகளுக்கு முன் பாதாமும் முட்டையும் வெண்ணெயுமாகப் பரவிய ‘பேலியோ’ முறையில் முதல் வாரத்து மகிழ்ச்சிக்கும் பெரும்பகுதி காரணம் இந்த நீர்தான். மறுபடியும் இரண்டு வேளை சோறு தின்றால் அது திரும்பிவிடும்.

நீர் போன பிறகு நடப்பதுதான் கடினமான அத்தியாயம். 1945-இல் அமெரிக்காவின் மினசோட்டா சர்வகலாசாலையில் ஆன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி, போருக்குப் போக மனச்சாட்சி இடந்தராத 36 இளைஞர்களை அவர்கள் சம்மதத்துடன் 24 வாரங்கள் அரைப்பட்டினியில் வைத்தார். கொடுத்த உணவு நாளொன்றுக்கு 1,600 கலோரிக்குச் சற்றுக் குறைவு, அதாவது இன்றைய விரைவு முறைகள் கொடுப்பதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. அவர்கள் மெலிந்த தேகத்தினர், வாரந்தோறும் நெடுந்தூரம் நடக்கவும் வைக்கப்பட்டவர்கள் என்ற வித்தியாசத்தையும் மறக்கலாகாது. எடையில் கால்பங்கு போயிற்று. சும்மா இருக்கும்போது தேகம் எரிக்கும் கலோரி ஏறக்குறைய நாற்பது சதவீதம் தாழ்ந்தது. கோடையிலும் குளிர் எடுத்தது. சமையல் புத்தகங்களைச் சேகரித்துப் படிக்கும் அளவுக்கு அந்த இளைஞர்களின் சிந்தனை முழுவதையும் சோறே ஆக்கிரமித்துக்கொண்டது. பஞ்சத்தில் பிழைத்திருப்பதற்காக இயற்கை அமைத்துக் கொடுத்த இந்தக் காவல், நாம் வேண்டுமென்றே மெலிகிறோம் என்பதை அறியாது. பிற்காலத்தில், 2016-இல் வெளியான ஓர் ஆய்வு, தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் அதிவேகமாக எடை குறைத்த 14 பேரை ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு அளந்து பார்த்தது; பெரும்பாலோருக்கு எடை திரும்பியிருந்தும், அவர்கள் தேகம் எதிர்பார்த்ததைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே எரித்துக்கொண்டிருந்தது.

இதைப் படித்தவுடன், மெதுவாகக் குறைப்பவருக்கு இந்தத் தொல்லை இராது என்று முடிவுகட்டத் தோன்றும். நெடுங்காலம் மருத்துவர்களும் அப்படித்தான் சொல்லி வந்தார்கள். ஆனால் 2014-இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னிலிருந்து வெளிவந்த ஆய்வு அந்த நம்பிக்கையை அசைத்துவிட்டது. உடற்பருமன் உள்ள சுமார் 200 பேரில் ஒரு பாதியினர் 12 வாரத்திலும் மறுபாதியினர் 36 வாரத்திலும் எடை குறைக்க முயன்றனர். விரைந்தவர்களில் நூற்றுக்கு 81 பேர் இலக்கை எட்டினர். மெல்லச் சென்றவர்களில் 50 பேர்தான். பிறகு ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, இரு சாராரும் இழந்த எடையில் நூற்றுக்கு எழுபது பங்கை ஒரேமாதிரியாகத் திரும்பப் பெற்றிருந்தார்கள். எடை திரும்புவதற்கு வேகம் காரணமன்று என்பதையும், மெதுவாகச் செல்வதே தனியொரு காப்பன்று என்பதையும் இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. எடை குறைப்பதற்கென்று இப்போது பேசப்படும் செமாகுளூடைட் ஊசியின் கதையும் வேறன்று: நிறுத்திய ஓராண்டுக்குள், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிடுகிறது.

ஆகவே, எந்த வழியானாலும் குறைத்த மறுநாளிலிருந்து என்ன உண்பது என்பதே கேள்வி. இதில் நம் முன்னோர் கெட்டிக்காரர்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. வரதராஜப் பெருமாள் சந்நிதியை நம்பி ஏகாதசி விரதம் இருப்பவர் துவாதசிப் பாரணையை இஷ்டம்போல் செய்வதில்லை. அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் என்று உபவாசத்தை முடிக்கும் இலைக்கும் ஒரு நியதி வைத்திருக்கிறார்கள். எடை குறைப்பது அவர்கள் நோக்கமன்று. எனினும் பட்டினிக்கு அடுத்த நாளே ஆபத்தான நாள் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். அறுபது நாள் திட்டம் விற்கிற இன்றைய வியாபாரிகளிடம் அறுபத்தோராம் நாளைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் மௌனந்தான்.

விரைவு வழி யாருக்கும் ஆகாது என்று இதனால் நான் சொல்லவில்லை. பிரிட்டனில் 306 பேரைக் கொண்டு நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆய்வில், நீரிழிவு வந்து ஆறாண்டுக்கு மேற்படாதவர்களுக்கு மூன்று முதல் ஐந்து மாதம் வரை சுமார் 850 கலோரி உணவு மாத்திரம் கொடுத்தபோது, ஓராண்டு முடிவில் அவர்களில் 46 சதவீதத்தினர் மருந்தில்லாமலே சர்க்கரை அடங்கிய நிலைக்கு வந்தனர். இரண்டாம் ஆண்டில் அது 36 சதவீதமாயிற்று. இது சாமானியமான பலனன்று. ஆனால் மாத்திரைகளை மருத்துவர் நிறுத்தினார், பழைய ஆகாரத்தை வாரக்கணக்கில் படிப்படியாகத் திருப்பிக் கொடுத்தார்கள், மாதந்தோறும் அழைத்துப் பார்த்தார்கள். இந்தத் துணைகள் இல்லாமல் 800 கலோரியை மாத்திரம் எடுத்துக்கொள்வது வேறு காரியம். 1970-களில் அமெரிக்காவில் திரவப் புரத உணவை நம்பி மாதக்கணக்கில் வேறொன்றும் உண்ணாதிருந்தவர்களில் ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டதாகப் பதிவு உண்டு. அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் குறைபவர்களுக்குப் பித்தக்கல் வரும் வாய்ப்பு மிகுதி. கொழுப்போடு தசையும் கரையும், அதுவும் நம்மவருக்கு இயல்பிலேயே தசை குறைவு. இன்சுலினோ சில சர்க்கரை மாத்திரைகளோ எடுத்துக்கொண்டு சோற்றை மட்டும் குறைத்தால் சர்க்கரை அபாயகரமாக இறங்கி மயக்கம் வரும். கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள், வளரும் பிள்ளைகள், தளர்ந்த முதியோர், சிறுநீரகக் கோளாறு உள்ளோர் இந்த வழியை எண்ணிப் பார்க்கவும் வேண்டாம்.

மெல்லச் செல்லும் வழிக்கு, ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலே போதும்: வாரத்துக்கு அரைக் கிலோ, எக்காரணத்தாலும் நாளொன்றுக்கு 1,000 கலோரிக்குக் குறையாத ஆகாரம். நாளொன்றுக்கு 500 கலோரி குறைப்பது பெரிய தியாகமாகத் தோன்றலாம். தறியிலிருந்து எழுந்து குடிக்கிற டீ ஐந்தானால், ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரையானால், அதுவே 200 கலோரி. ஒரு பிடி அரிசியும் கடையில் வாங்கும் போண்டாவும் குறைந்தால் கணக்கு நேராகிவிடும். அந்த இடத்தைப் பருப்பும் முட்டையும் கீரையும் நிரப்பினால் பசி அவ்வளவாகத் தொல்லை செய்யாது. மிளகும் சீரகமும் சுக்கும் நெய்யும் மணக்கிற கோவில் இட்லியை நாளை முதல் தொடுவதில்லை என்று சபதம் செய்பவரைவிட, வாரத்துக்கு ஒரு துண்டு என்று வைத்துக்கொள்பவரையே நான் நம்புவேன்.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. அதைப் பற்றி நம் ஊரில் பேசுவாரில்லை, இத்தனைக்கும் அது நிரூபிக்கப்பட்ட இடம் இங்கிருந்து 75 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சென்னை. டாக்டர் அ. ராமச்சந்திரன் தலைமையில் 531 பேரைக் கொண்டு நடந்து 2006-இல் வெளியான ஆய்வில், நீரிழிவின் வாசலில் நின்றவர்களுக்குச் சர்க்கரையையும் கொழுப்பையும் குறைத்து நார்ச்சத்தைக் கூட்டவும், தினம் அரைமணி நேரம் நடக்கவும் சொல்லிக் கொடுத்தார்கள். மூன்றாண்டில், யோசனை பெறாதவர்களில் 55 சதவீதத்தினருக்கும், பெற்றவர்களில் 39 சதவீதத்தினருக்கும் நீரிழிவு வந்தது. வியப்பு என்னவென்றால், பலன் பெற்றவர்களின் எடை குறிப்பிடத்தக்க அளவு குறையவே இல்லை! தராசு அசையாததால் மனமுடைந்து முயற்சியைக் கைவிடுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நன்று.

என்னைக் கேட்டால், சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்து, எடையும் சிறிதளவே மிகுந்தவர்கள் மூன்றாம் வழியிலேயே தொடங்கலாம். பத்துக் கிலோ அளவுக்கு மிகுதி உள்ளவர்கள் மெல்லச் செல்லும் வழியைக் கைக்கொண்டு, ஆறு மாதத்தில் பலனைப் பார்க்கலாம். நீரிழிவு புதிதாக வந்து, எடையும் மிகுந்து, மாதந்தோறும் பார்க்க மருத்துவர் ஒருவரும், கூடவே சமைத்து உதவும் வீட்டாரும் வாய்த்தவர்களுக்கு விரைவு வழி தகும். கல்யாணப் புகைப்படத்துக்காக அதில் இறங்குவது வீண் பிரயாசை. முகூர்த்தச் சேலைகளுக்குக் கெடு நெருங்கும் மாதங்களில் எவரும் அதைத் தொடங்க வேண்டாம். பசியில் கை நடுங்கினால், சேலையின் உடலோடு கோத்து நெய்யும் கோர்வைக் கரையில் இழை பிசகும், கூலியிலும் பிடித்தம் விழும். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சோற்றில் கைவைக்கும் முன், எந்த மாத்திரையை எவ்வளவு குறைப்பது என்று மருத்துவர் கையால் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.