ஹெர்க்கிமர் ‘வைரம்’: எதை வாங்கலாம், எதை விடலாம்?

பெயரில் வைரம் இருந்தாலும் இது நம் ஊரில் மாலையாகக் கோக்கும் ஸ்படிகத்தின் இனம்தான், குவார்ட்ஸ். கிடைக்குமிடம் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், மோஹாக் ஆற்றுப் பள்ளத்தாக்கிலுள்ள ஹெர்க்கிமர் வட்டாரம். அங்கே ஏறக்குறைய 50 கோடி ஆண்டுப் பழமையான டோலமைட் சுண்ணாம்புப் பாறையின் பொந்துகளுக்குள் இது விளைந்திருக்கிறது. சாதாரணப் படிகத்தின் ஒரு முனை பாறையில் ஊன்றியிருக்கும். பெயர்த்தால் ஒரு கூர்தான் மிஞ்சும். இதுவோ பாறையைப் பெரிதாகப் பற்றிக்கொள்ளாமல் வளர்ந்ததால் இரு முனையும் கூராகி, 18 முகங்களோடு பட்டை தீட்டியதுபோல் வெளியே வருகிறது.

நீங்கள் கூடுதலாகக் காசு கொடுப்பது இந்த இயற்கை வடிவத்துக்குத்தான். ஆகவே இதையே வட்டமாகப் பட்டை தீட்டி விற்றால் வாங்காதீர்கள். குவார்ட்ஸின் ஒளிவிலகல் எண் சுமார் 1.54, வைரத்துக்கு 2.42. எந்தக் கைதேர்ந்தவர் தீட்டினாலும் அந்த டாலடிப்பு வராது. டாலடிப்புதான் வேண்டுமென்றால் சிர்கோனியா கல்லே போதும், விலையும் குறைவு.

இரட்டைக் கூர் படிகம் பாகிஸ்தானின் பலுசிஸ்தானிலிருந்தும் வருகிறது. உள்ளே மஞ்சள் நிற எண்ணெய்த் துளி இருந்தால், புற ஊதா டார்ச்சில் அது ஒளிரும். அது தன்னளவில் அழகான கல். எனக்கு அதன்மேல் தனி ஆசை உண்டு. ஆனால் அதை ஹெர்க்கிமர் விலைக்கு வாங்க வேண்டியதில்லை. ஹெர்க்கிமருக்குள் அடிக்கடி தென்படுவது கரிய பொட்டுகள். அது பழைய உயிர்ப்பொருளின் கரி. குறை என்று ஒதுக்காதீர்கள், அது பிறந்த ஊரின் அடையாளம்.

ஏமாற வாய்ப்பு அதிகம் உள்ள இடம், சாதாரண ஸ்படிகத்தை இரட்டைக் கூராகச் செதுக்கிய கல். லென்ஸ் வைத்துப் பாருங்கள். இயற்கைப் படிகத்தின் முகங்கள் ஒன்றுக்கொன்று அளவில் மாறுபடும். பக்கவாட்டு முகங்களில் மெல்லிய குறுக்குக் கோடுகள் தெரியலாம். எல்லா முகமும் ஒரே அளவில், விளிம்புகள் மழுங்கி இருந்தால் அது பட்டறையில் பிறந்தது. உள்ளே உருண்டைக் குமிழிகள் நிறைந்திருந்தால் கண்ணாடி என்று சந்தேகப்படுங்கள். சிர்கோனியாவைக் கையே சொல்லிவிடும்: அதே பருமனில் குவார்ட்ஸைப்போல் இரு மடங்குக்கும் மேல் கனம்.

அளவில் ஆசைப்பட வேண்டாம். கல் பெரிதாகப் பெரிதாக விரிசலும் மங்கலும் கூடும். ஒரு சென்டிமீட்டருக்குள் தெளிவான கல்லே நகைக்குச் சிறந்தது.

நகையில் என் தேர்வு கம்மல் அல்லது டாலர். மோதிரம் வேண்டாம்: குவார்ட்ஸின் கடினம் 7, தூசியில் கலந்த மணலும் குவார்ட்ஸே; அன்றாடம் கையில் கிடந்தால் கூர் முனை சிதறும். துளையிட்ட கல்லைவிட வெள்ளிக் கம்பி சுற்றியது மேல். கல்லுக்குள் நீர்த்துளி அடைபட்டிருக்கலாம் என்பதால் சூடும் அல்ட்ராசோனிக் சுத்தமும் கூடாது. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர் போதும்.

ரசீதில் ‘குவார்ட்ஸ், ஹெர்க்கிமர், நியூயார்க்’ என்று எழுதித் தரச் சொல்லுங்கள். வெறும் ‘வைரம்’ என்று எழுதுகிற கடையில் வாங்காதீர்கள்.