கடற்கரை வீட்டில் சுங்கான் புகையிலை

தூத்துக்குடியின் கடற்காற்று ஈரம் மிகுந்ததாகையால், ஈரத்தை எளிதில் உறிஞ்சும் சுங்கான் புகையிலை, திறந்து வைத்தால் பூசணம் பிடித்துவிடும். எனவே வீட்டில், ரப்பர் வளையம் பொருந்திய கண்ணாடிச் சாடியைக் கொதிநீரில் கழுவி, ஈரமற உலர்த்தி, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த வறண்ட நாளில் நிரப்பி, தேதி குறித்து, வெயில் படாத அலமாரியில் திறவாமல் வைப்பதே சிறந்தது. முதிர்தல், அதாவது இலையின் சர்க்கரையும் பிற சேர்மங்களும் ஆண்டுக்கணக்கில் மெல்ல மாறிச் சுவை மென்மையாதல், இனிப்பு மிகுந்த வர்ஜீனியா இலையில் நன்கு நிகழ்கிறது. செயற்கை நறுமணம் ஏற்றிய கலவைகளில் மணம் மங்குவதே மிகுதியாதலால் அவற்றைச் சேமிப்பது வீண். புகையிலை காய்ந்துவிடாமலிருக்கச் சாடியில் உருளைக்கிழங்குத் துண்டு இடுவது பூசணத்துக்கே வழிவகுக்கும். முதிர்ந்த புகையிலையும் புற்றுநோய்க்குக் காரணமாகும். நிக்கோட்டின் நஞ்சாதலால், சாடியைக் குழந்தைகளுக்கு எட்டாதவாறு பூட்டி வைத்தல் வேண்டும்.