இரசாயன ஆலை ஒப்பரேட்டர் வேலை: சம்பளத் தொகையை வாசிக்கும் முறை

இப்பாடத்தின் நோக்கம்

மணலி, தூத்துக்குடி, சப்புகஸ்கந்த, சிங்கப்பூரின் ஜூரோங் தீவு ஆகிய இடங்களில் ஆலை அனுபவம் பெற்றுப் பின்னர் மெல்பேர்ணில் குடியேறிய தமிழர்கள் உள்ளனர். தொழிலை அவர்கள் நன்கு அறிவர். எனினும் இங்கு வேலைக்கான கடிதம் கைக்கு வந்ததும், அதிலுள்ள பெரிய தொகையை மட்டும் பார்த்துக் கையொப்பமிட்டுவிடுவோர் பலர். சம்பளத்தைப் பற்றிக் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்ற எண்ணமும் சிலரைத் தடுக்கிறது. ஆனால் அத்தொகை எத்தனை மணி நேரத்துக்கு, எந்த நேரத்து உழைப்புக்கு, எந்தச் சட்ட ஆவணத்தின் கீழ் வழங்கப்படுகிறது என்பது தெரியாதவரை, அது சம்பளம் ஆகாது, வெறும் எண்ணே. அந்த எண்ணைப் பிரித்து வாசிக்கும் முறையையும், வேலை தேடலில் அதற்கு முன்பு செய்யவேண்டியவற்றையும் இப்பாடம் விளக்குகிறது.

1. இன்றைய வேலைச் சூழல்

அல்டோனாவின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 2021இல் இயக்கத்தை நிறுத்தி, எரிபொருள் இறக்குமதி முனையமாக மாறியது. அதே பகுதியில் பொலித்தீன் உற்பத்தி செய்துவந்த கெனோஸ் நிறுவனம் 2024இல் நிர்வாகிகளின் பொறுப்பிற்குச் சென்றது. பின்னர் அதன் ஆலையும் மூடப்பட்டது. அவுஸ்திரேலியா முழுவதிலும் எஞ்சியுள்ள எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் ஜீலோங்கிலும் பிரிஸ்பேனின் லிற்றனிலும் உள்ள இரண்டு மட்டுமே.

இதனால் ஒப்பரேட்டர்களின் தேவை இல்லாமற் போகவில்லை; அது இடம் மாறியிருக்கிறது. சாயம், சவர்க்காரத் திரவம், பசை, தொழிற்சாலை வாயு, மருந்து, பாற்பொருள், நீர் சுத்திகரிப்பு ஆகிய துறைகளிலும் குழாய், பம்பு, வால்வு, வெப்பமாற்றி, கட்டுப்பாட்டுத் திரை ஆகியவற்றை அறிந்தவர்கள் தேவைப்படுகின்றனர். ஆகவே ‘கெமிக்கல் பிளான்ட் ஒப்பரேட்டர்’ என்ற ஒரே பெயரில் தேடுவது போதாது. பிராசஸ் ஒப்பரேட்டர், புரொடக்ஷன் டெக்னீஷியன், பிளெண்டிங் ஒப்பரேட்டர், கன்ட்ரோல் ரூம் ஒப்பரேட்டர், வாட்டர் டிரீட்மென்ட் ஒப்பரேட்டர் ஆகிய பெயர்களிலும் தேட வேண்டும்.

2. விண்ணப்பத்திற்கு முன் ஆயத்தம்

தகைமை: இத்துறையில் பொதுவாக எதிர்பார்க்கப்படுவது ‘பிராசஸ் பிளான்ட் ஒப்பரேஷன்ஸ்’ பாடத்தின் மூன்றாம் நிலைச் சான்றிதழ். வெளிநாட்டில் பல ஆண்டுகள் பணியாற்றியவர் இதை முதலிலிருந்து படிக்க வேண்டியதில்லை. முன் அனுபவத்தை மதிப்பிட்டுச் சான்றிதழ் வழங்கும் நடைமுறை உண்டு. பழைய பணிக்கடிதம், பயிற்சிப் பதிவு, தாம் பின்பற்றிய செயல்முறைக் குறிப்புகள் ஆகியவை அதற்குச் சான்றாகும். டேஃப் கல்லூரிகளில் இயங்கும் ‘ஸ்கில்ஸ் அண்ட் ஜாப்ஸ்’ மையங்களில் இது குறித்த ஆலோசனை இலவசமாகக் கிடைக்கும்.

உரிமம்: ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவதற்கும் பாய்லர் இயக்குவதற்கும் அபாயமிகு பணி உரிமம் வேண்டும். விக்டோரியாவில் இதை வழங்குவது வொர்க்சேஃப். உரிமம் 5 ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும். இந்தியாவில் பெற்ற பாய்லர் அட்டெண்டண்ட் சான்றிதழ் அனுபவத்துக்குச் சான்றாக உதவலாம். இங்குள்ள உரிமத்துக்கு அது மாற்றாகாது.

தன்விவரம்: தந்தையின் பெயர், பிறந்த திகதி, மதம், திருமண நிலை, புகைப்படம் ஆகியவை இங்கு தேவையில்லை. அவ்விடத்தில் இயக்கிய அலகின் பெயர், பயன்படுத்திய கட்டுப்பாட்டு அமைப்பு, ஷிப்டில் வகித்த பொறுப்பு, வழங்கிய அல்லது பெற்ற பணி அனுமதிச் சீட்டுகளின் வகை ஆகியவை இடம்பெற வேண்டும். ‘உற்பத்திப் பிரிவில் 8 ஆண்டுகள்’ என்பதைவிட, ‘வடிப்புக் கோபுரத்தை டிசிஎஸ் திரையிலிருந்தும் களத்திலிருந்தும் 8 ஆண்டுகள் இயக்கியவர்’ என்பது தெளிவானது.

நேர்முகத் தேர்வு: பாதுகாப்புப் பற்றிய கேள்விகளே இதில் முதன்மை பெறும். 1998 செப்டெம்பர் 25 அன்று விக்டோரியாவின் லோங்ஃபோர்ட் எரிவாயு ஆலையில் நிகழ்ந்த வெடிப்பில் இருவர் இறந்தனர். எட்டுப் பேர் காயமடைந்தனர். விபத்தை விசாரித்த அரச ஆணைக்குழு, ஒப்பரேட்டர்களுக்குப் போதிய பயிற்சி வழங்கப்படாமையைச் சுட்டிக்காட்டியது. பெரும் அபாய ஆலைகளுக்குத் தனி விதிகள் அதன் பின்னரே இம்மாநிலத்தில் வந்தன. எனவே எச்சரிக்கை மணி ஒலித்தபோது என்ன செய்யப்பட்டது, ஷிப்ட் மாற்றத்தில் தகவல் எவ்வாறு ஒப்படைக்கப்பட்டது, வேலையை நிறுத்தச் சொன்ன சந்தர்ப்பம் எது என்று கேட்பார்கள். அடக்கத்தின் காரணமாக ‘நாங்கள் செய்தோம்’ என்று மட்டும் சொல்வது தமிழரின் வழக்கம். தேர்வாளர் அறிய விரும்புவது விண்ணப்பதாரர் தாமே செய்ததை.

3. சட்டத்தின் மூன்று படிகள்

முதற்படி, நாட்டின் குறைந்தபட்ச ஊதியம். 2025 ஜூலை 1 முதல் இது மணிக்கு 24.95 டொலர், 38 மணி நேர வாரத்துக்கு 948 டொலர்.

இரண்டாம் படி, ‘அவார்ட்’ எனப்படும் தொழில்துறை ஊதிய ஆணை. இரசாயனப் பொருள் உற்பத்தியில் பெரும்பாலும் பொருந்துவது உற்பத்தித் துறைக்கான அவார்ட். எண்ணெய்ச் சுத்திகரிப்புக்கும் மருந்து உற்பத்திக்கும் தனி அவார்ட்கள் உள்ளன. உற்பத்தித் துறை அவார்டில் மூன்றாம் நிலைச் சான்றிதழுக்கு ஒப்பான தரம் ‘சி10’. அதன் அடிப்படை ஊதியம் 2025 ஜூலை 1 முதல் மணிக்கு 28.12 டொலர், வாரத்துக்கு 1,068.40 டொலர். இரவு, வார இறுதி, மேலதிக நேரம் ஆகியவற்றுக்கான கூடுதல் தொகைகள் இதற்கு மேல் சேரும். இவ்விகிதங்கள் ஆண்டுதோறும் ஜூலையில் திருத்தப்படுகின்றன.

மூன்றாம் படி, நிறுவன உடன்படிக்கை. ஒரு குறிப்பிட்ட ஆலையின் நிர்வாகமும் பணியாளரும் செய்துகொள்ளும் உடன்படிக்கை இது. பெரிய ஆலைகளில் உண்மையான சம்பளம் பெரும்பாலும் இதிலேயே அடங்கியுள்ளது. அவார்ட் விகிதத்தைவிட அது கணிசமாக உயர்ந்திருப்பதும் உண்டு.

வேலை தேடுவோர் பலர் அறியாத செய்தி ஒன்று: நிறுவன உடன்படிக்கைகள் இரகசிய ஆவணங்கள் அல்ல. ஃபெயர் வொர்க் ஆணையத்தின் இணையதளத்தில் நிறுவனத்தின் பெயரைக் கொண்டு எவரும் அவற்றைத் தேடி வாசிக்கலாம். தரங்கள், ஒவ்வொரு தரத்துக்குமான ஊதியம், ஷிப்ட் முறை, அடுத்த உயர்வு வரும் திகதி ஆகியவற்றை நேர்முகத் தேர்வுக்கு முன்பே அறிந்துகொள்ளலாம். எந்தத் தரத்தில் அமர்த்துகிறார்கள் என்ற கேள்வியை அதன் பிறகு துணிவோடு எழுப்ப முடியும்.

4. மூன்று அழைப்புகள்: ஒரு பயிற்சி

ஒரே நபருக்கு மூன்று வேலைகள் கிடைக்கின்றன என்று கொள்வோம். தொகைகள் பயிற்சிக்காக எடுத்துக்கொள்ளப்பட்டவை.

முதலாம் வேலை: ஆண்டுக்கு 92,000 டொலர், அனைத்தும் உள்ளடங்கியது. இரண்டு பகல், இரண்டு இரவு, நான்கு நாள் ஓய்வு என்ற சுழற்சி. ஒவ்வொரு ஷிப்டும் 12 மணி நேரம்.

இரண்டாம் வேலை: மணிக்கு 38 டொலர், நிரந்தரப் பணி, வாரநாட்களில் பகல் வேலை, 38 மணி நேரம்.

மூன்றாம் வேலை: லேபர் ஹயர் எனப்படும் ஆள் வழங்கும் நிறுவனத்தின் வழியாக, கஷுவல் முறையில் மணிக்கு 44 டொலர், பகல் வேலை.

மேலோட்டமாகப் பார்த்தால் முதலாவதே சிறந்தது. இரண்டாம் வேலையின் ஆண்டுச் சம்பளம் 75,088 டொலர் மட்டுமே. இனிக் கணக்கைப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலாம் வேலையில் 8 நாட்களுக்கு 48 மணி நேரம். சராசரியாக வாரத்துக்கு 42 மணி நேரம். 92,000ஐ 52 வாரங்களாலும் 42 மணிகளாலும் வகுத்தால் மணிக்கு 42.12 டொலர். இரண்டாம் வேலையோடு உள்ள வேறுபாடு சுமார் 4 டொலர். அந்த 4 டொலருக்கு ஷிப்டுகளில் பாதி இரவில் கழிகின்றன. சனி, ஞாயிறுகளில் பாதியும் ஆலையிலேயே கழிகின்றன.

அடுத்து ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். கடிதத்தில் 92,000 டொலர் ‘பேக்கேஜ்’ என்றிருந்தால், ‘சூப்பர்’ எனப்படும் ஓய்வூதிய வைப்பும் பெரும்பாலும் அதனுள் அடங்கியிருக்கும். 2025 ஜூலை முதல் சூப்பர் விகிதம் 12 விழுக்காடு. 92,000ஐ 1.12ஆல் வகுத்தால் உண்மைச் சம்பளம் 82,142 டொலர் அளவில் நிற்கும், மணிக்கு 37.61 டொலர். இரவும் வார இறுதியும் உழைத்து, பகல் வேலையைவிடக் குறைந்த மணிக்கூலி பெறும் நிலை இது.

மூன்றாம் வேலையின் 44 டொலரில் 25 விழுக்காடு கஷுவல் கூடுதல் அடங்கியுள்ளது. 1.25ஆல் வகுத்தால் அடிப்படை 35.20 டொலர். அக்கூடுதல், ஊதியத்துடன் கூடிய 4 வார ஆண்டு விடுமுறையும் 10 நாள் நோய் விடுமுறையும் இல்லாமைக்கான ஈடு. ஆட்குறைப்புக் கொடுப்பனவும் கஷுவல் பணியாளருக்கு இல்லை. நிரந்தரப் பணியாளருக்கோ ஓராண்டு முடிந்ததும் 4 வாரச் சம்பளத்தில் தொடங்கி, 9 ஆண்டுகளைக் கடந்தவருக்கு 16 வாரம்வரை சட்டப்படி உண்டு. 15 பேருக்குக் குறைந்த சிறு நிறுவனங்கள் பொதுவாக இதற்கு விலக்கு. ஆலைகள் மூடப்படும் துறையில் இந்த வேறுபாடு சிறியதன்று.

இரண்டாம் வேலையே எவருக்கும் சிறந்தது என்பது இதன் பொருளன்று. நான்கு நாள் தொடர் ஓய்வு சில குடும்பங்களுக்குப் பெரும் வசதி. முதல் அனுபவம் தேடுவோருக்கு லேபர் ஹயர் வேலை நல்ல வாயிலாகவும் அமையலாம். தெரிவு அவரவருடையது, அது சரியான எண்ணின்மீது அமைய வேண்டும்.

5. கையொப்பத்துக்கு முன் கேட்கவேண்டிய ஆறு கேள்விகள்

அ. இத்தொகையில் சூப்பர் அடங்கியுள்ளதா, அதற்கு மேலாக வழங்கப்படுமா?
ஆ. வாரத்தின் சராசரி மணி நேரம் எவ்வளவு? ரோஸ்டரின் பிரதி கிடைக்குமா?
இ. பொருந்தும் அவார்ட் அல்லது உடன்படிக்கை எது? எந்தத் தரம்?
ஈ. ‘அனைத்தும் உள்ளடங்கியது’ என்றால் எந்தெந்தக் கூடுதல்கள் அடங்கும்? ஆண்டுச் சம்பளம் என்ற பெயரில் அவார்ட் தரும் மொத்தத்தைவிடக் குறைவாக வழங்க முடியாது.
உ. ஒருவர் வராதபோது கூடுதல் ஷிப்டுக்கு அழைத்தால் எந்த விகிதம்?
ஊ. அறிமுகப் பயிற்சி நாட்களுக்குச் சம்பளம் உண்டா? நிறுவனம் கட்டாயமாக்கும் பயிற்சி வேலை நேரமாகும்.

கேள்விகளை மின்னஞ்சலில் அனுப்புவது நன்று. பதில் எழுத்தில் இருந்தால் பிற்காலத்தில் அதுவே சான்று.

6. ஏமாற்றத்தைத் தவிர்த்தல்

விக்டோரியாவில் லேபர் ஹயர் நிறுவனம் உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிமம் பெற்றோரின் பட்டியலை இணையத்தில் எவரும் பார்க்கலாம். வேலை பெற்றுத் தருவதாகப் பணம் கேட்பவரிடமிருந்து விலகுவதே நன்று. பிறருடைய ஆலையில், பிறருடைய ரோஸ்டரில் பணிபுரியும் ஒருவரை ஏபிஎன் எடுக்கச் சொல்லி ஒப்பந்தக்காரராகக் காட்டுவது சட்டமீறலாக இருக்கக்கூடும்.

லேபர் ஹயர் பணியாளருக்கு மற்றொரு வழியும் உண்டு. ஆலையில் நிறுவன உடன்படிக்கை இருப்பின், அதற்கு இணையான ஊதியம் வழங்குமாறு ஃபெயர் வொர்க் ஆணையம் உத்தரவிட முடியும். பணியாளரோ தொழிற்சங்கமோ இதற்கு விண்ணப்பிக்கலாம். இத்தகைய உத்தரவுகள் 2024 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. தம் சம்பளத்தைச் சக பணியாளரிடம் சொல்வதும் அவர்களிடம் கேட்பதும் இன்று சட்டம் காக்கும் உரிமைகள்.

சம்பளச் சீட்டு, சம்பளம் வழங்கிய ஒரு வேலை நாளுக்குள் கிடைக்க வேண்டும். குறைவாக வழங்கப்பட்ட ஊதியத்தை 6 ஆண்டுகள்வரை பின்னோக்கிக் கோரலாம். நியாயமற்ற பணிநீக்கத்துக்கு எதிரான விண்ணப்பத்துக்கோ 21 நாட்களே உண்டு. தற்காலிக விசா, இணைப்பு விசா ஆகியவற்றில் உள்ளோருக்கும் ஊதிய உரிமைகள் ஒன்றே. ஆனால் நிறுவனம் முறிந்தபின் நிலுவைகளை அரசு வழங்கும் திட்டம் குடியுரிமை, நிரந்தர விசா அல்லது நியூசிலாந்து நாட்டவருக்கான சிறப்பு விசா உள்ளோருக்கு மட்டுமே. தற்காலிக விசாவில் உள்ளோர், சம்பளம் தாமதமாகத் தொடங்கும் முதல் வாரத்திலேயே ஆலோசனை பெறுவது அவசியம்.

உதவி பெறும் இடங்கள்

ஃபெயர் வொர்க் ஒம்புட்ஸ்மன்: 13 13 94. தமிழில் பேச விரும்புவோர் முதலில் தேசிய மொழிபெயர்ப்புச் சேவையை 131 450 என்ற எண்ணில் அழைத்து, ‘தமிழ்’ என்று கூறி, மேற்கண்ட எண்ணுடன் இணைக்குமாறு கேட்கலாம்.

மீள்பார்வை

1. கஷுவல் முறையில் மணிக்கு 40 டொலர் எனில், கூடுதல் நீங்கிய அடிப்படை எவ்வளவு? விடை: 32 டொலர்.
2. 12 விழுக்காடு சூப்பர் உள்ளடங்கிய 84,000 டொலர் பேக்கேஜில் சம்பளம் எவ்வளவு? விடை: 75,000 டொலர்.
3. ஆலையின் நிறுவன உடன்படிக்கையை எங்கே தேடலாம்? விடை: ஃபெயர் வொர்க் ஆணையத்தின் இணையதளத்தில்.