கலங்கல் வழியும் ஊரில் ஓடுதளம்

பரந்தூர் விமான நிலையத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தால் சென்னையில் பலரும் கேட்பது ஒரே கேள்விதான்: "ஊருக்கு நல்லதுதானே வருது, ஏன் எதிர்க்கிறாங்க?" கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. அவர்கள் காதுக்கு வந்து சேர்ந்த செய்தியில் பாதி தவறாக இருக்கிறது. காஞ்சிபுரம் மாவட்டம் பரந்தூர்தான் சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்கான இடம் என்று 2022 ஆகஸ்டில் அறிவிப்பு வந்தது. திட்டப் பகுதிக்குள் வரும் ஏகனாபுரம் கிராமத்து மக்கள் அன்று முதல் பகலில் வயல்வேலையும் இரவில் போராட்டமுமாக இருக்கிறார்கள். கிராம சபையில் திரும்பத் திரும்ப எதிர்த்துத் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். 2024 மக்களவைத் தேர்தலைப் புறக்கணித்தார்கள். அவர்கள் பக்கம்தான் நியாயம் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். ஏன் என்று சொல்ல, அடிக்கடி கேட்கிற சில நம்பிக்கைகளை எடுத்துக்கொள்கிறேன்.

நம்பிக்கை: எடுப்பதில் பெரும்பகுதி புறம்போக்குதானே, யாருக்கு நஷ்டம்?

அரசின் கணக்கே வேறு சொல்கிறது. எடுக்கவிருக்கும் ஏறத்தாழ 5,746 ஏக்கரில் 3,774 ஏக்கர் பட்டா நிலம். மூன்றில் இரண்டு பங்கு. சம்பா, நவரை, சொர்ணவாரி என்று மூன்று போகம் பேசுகிற மாவட்டம் இது.

மீதி 1,972 ஏக்கர் அரசு நிலம். அதில் பெரும்பகுதியைத்தான் புறம்போக்கு என்கிறார்கள். தீர்வை விதிக்கப்படாத நிலம் என்பதுதான் அந்தச் சொல்லுக்கு வருவாய்த் துறையில் பொருள். வீணாகக் கிடக்கும் நிலம் என்ற பொருள் அதில் எங்கும் இல்லை. ஏரி, தாங்கல், குளம், வரத்துக்கால், மேய்க்கால், களம், சுடுகாடு எல்லாம் அந்தப் பெயரில்தான் பதிவாகின்றன. ஒருவர் பெயரில் இல்லாததால் ஊர் முழுவதும் அனுபவிக்கிற நிலம் அது. திட்டத்துக்காகத் தயாரான முன்சாத்தியக்கூறு அறிக்கையே மொத்தப் பரப்பில் கால்பங்குக்கும் மேல் நீர்நிலை என்று காட்டுகிறது.

நம்பிக்கை: ஏரி போனால் வேறு இடத்தில் வெட்டிக்கொள்ளலாம், கால்வாயைத் திருப்பிவிடலாம்.

எல்லாத் தவறுகளுக்கும் வேர் இதுதான் என்பதால் இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

தொண்டை மண்டலத்து ஏரி தனியாக நிற்கும் தொட்டி இல்லை. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நிலம் சரியும் போக்கைப் பார்த்து, குறுக்கே கரை கட்டி, மதகு வைத்து, ஒரு ஓரத்தில் கலங்கல் விட்டிருக்கிறார்கள். மேல் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியும். வழிந்த நீர் அடுத்த ஏரிக்கு வரத்தாகும். அதுவும் நிரம்பினால் அதற்கடுத்ததற்கு. இப்படிச் சங்கிலியாகப் போகும் நீர், மழைக்காலத்தில் வெள்ளத்தைத் தாமதப்படுத்துகிறது. கோடையில் கிணறுகளில் ஊறி நிற்கிறது. நடுவில் நான்கு கண்ணியை அறுத்துவிட்டு, எட்டு மைல் தள்ளிப் புதிதாக ஒரு குளம் வெட்டினால் அது சங்கிலியில் சேராது. அதற்கு வரத்தும் இருக்காது, ஆயக்கட்டும் இருக்காது. ஏரியைப் பார்த்துக்கொள்ள ஆயிரம் ஆண்டுக்கு முன்பே தனியாக ஏரி வாரியம் வைத்திருந்ததை இதே மாவட்டத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு சொல்கிறது. இந்த அமைப்பைப் பராமரிக்க எவ்வளவு கவனம் தேவை என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

பரந்தூர்த் தளத்துக்குள் கம்பன் கால்வாய் ஓடுகிறது. வழியில் பல ஏரிகளுக்கு நீர் கொடுத்துக்கொண்டே திருப்பெரும்புதூர் ஏரிக்குப் போய்ச் சேரும் கால்வாய் அது. அங்கிருந்து மிகுநீர் போவது செம்பரம்பாக்கம் ஏரிக்கு. சென்னை குடிக்கிற தண்ணீரில் ஒரு பகுதி இந்த வழியாகத்தான் வருகிறது. சென்னையை மூழ்கடிக்கிற தண்ணீரிலும் ஒரு பகுதி இந்தத் திசையிலிருந்துதான் வருகிறது.

2015 டிசம்பர் முதல் வாரத்தை யாரும் மறந்திருக்க முடியாது. மேலே இருந்த ஏரிகள் நிரம்பி வழிந்து, செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறக்கப்பட்டது. அடையாறு பெருக்கெடுத்தது. மீனம்பாக்கம் விமான நிலையம் பல நாட்கள் மூடிக் கிடந்தது. அதன் இரண்டாவது ஓடுதளத்தில் ஒரு பகுதி அந்த ஆற்றின் மேலேயே பாலமாகக் கட்டப்பட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடியும் மூடினார்கள். பெரியாற்றுப் பக்கம் வயல்வெளியில் கட்டிய கொச்சி விமான நிலையம் 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் இரண்டு வாரம் இயங்கவில்லை. வெள்ளநீர் தங்கிப் போகிற நிலத்தில் ஓடுதளம் போட்டால் என்ன ஆகும் என்பதை நாம் கண்ணால் பார்த்தாயிற்று. ஆனாலும் அடுத்ததை அதே மாதிரி நிலத்தில் போடப்போகிறோம். அதுவும் மேல்மடையில். அங்கே மண் குடித்துக்கொண்டிருந்த மழை முழுவதும் இனிக் கான்கிரீட்டில் வழுக்கிக் கீழே வரும். கீழே இருப்பது நாம்.

நீரியல் ஆய்வு நடக்கவில்லையா என்றால், ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி மச்சேந்திரநாதன் தலைமையில் அரசு ஒரு குழு அமைத்தது. அந்த அறிக்கையை வெளியிடுங்கள் என்று ஊரார் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இதற்கிடையே 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் விவாதமே இல்லாமல் தமிழ்நாடு நில ஒருங்கிணைப்புச் சட்டம் நிறைவேறியது. 100 ஹெக்டேருக்குக் குறையாத சிறப்புத் திட்டங்களுக்கு, உள்ளே நீர்நிலை இருந்தாலும் நிலத்தை மொத்தமாகக் கொடுக்க வழி செய்யும் சட்டம் அது. பரந்தூருக்காகவே வந்ததா, வேறு எதற்காக வந்ததா என்று நான் வாதாடப் போவதில்லை. ஏரி குறுக்கே நிற்கும் பெரிய திட்டங்களுக்கெல்லாம் அது கதவைத் திறந்துவைத்திருக்கிறது.

நம்பிக்கை: மீனம்பாக்கம் நிரம்பி வழிகிறது, வேறு வழியே இல்லை.

நெரிசல் உண்மை. உச்ச நேரத்தில் அங்கே வரிசையில் நின்ற யாரும் அதை மறுக்க மாட்டார்கள். பெங்களூரு சென்னையை எப்போதோ முந்திவிட்டது என்ற கவலையும் புரிகிறது. ஆனால் எண்களையும் பார்க்க வேண்டும். 2018-19இல் சென்னை விமான நிலையத்தைப் பயன்படுத்தியவர்கள் சுமார் 2.25 கோடி. 2023-24இல் சுமார் 2.12 கோடி. ஐந்து ஆண்டு கழித்தும் பழைய எண்ணிக்கையைத் தொடவில்லை. இதற்கிடையே 2023 ஏப்ரலில் புதிய முனையமும் திறந்தாயிற்று. பரந்தூருக்குப் போடும் கணக்கோ ஆண்டுக்கு 10 கோடிப் பயணிகள்.

மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்களில் எத்தனை கோவை, மதுரை, திருச்சி, பெங்களூருவிலிருந்து வருகின்றன என்று யோசித்துப் பாருங்கள். கோவைக்கு வந்தே பாரத் ரயில் ஆறு மணி நேரத்துக்குள் போய்விடுகிறது. பரந்தூரோ சென்னையிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர். அங்கே போய்ச் சேர, சோதனை முடித்துக் காத்திருக்க, பறந்து இறங்கி ஊருக்குள் நுழைய ஆகும் நேரத்தைக் கூட்டினால் ரயில் எவ்வளவோ மேல். இரண்டரை மணி நேரத்துக்குள் ரயிலில் போய்விடக்கூடிய சில வழித்தடங்களில் பிரான்ஸ் 2023இல் உள்நாட்டு விமானங்களுக்குத் தடையே போட்டது.

நம்பிக்கை: உலகக் கரியமிலவாயுவில் விமானங்களின் பங்கு 2.5 சதவீதம்தானே?

அந்த எண் சரிதான். ஆனால் அது கரியமிலவாயுவை மட்டும் எண்ணுகிறது. உயரத்தில் விமானம் விட்டுச்செல்லும் வெண்கோடுகளையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் சேர்த்தால், இதுவரை மனிதர் உண்டாக்கிய வெப்பமாதலில் விமானத்தின் பங்கு 3.5 சதவீதம் என்று 2021இல் வெளிவந்த விரிவான ஆய்வு மதிப்பிட்டது. இன்னொரு கணக்கு என்னை அதிகம் உறுத்துகிறது. 2018இல் விமானம் ஏறியவர்கள் உலக மக்கள்தொகையில் 11 சதவீதம் மட்டுமே என்றும், பயணிகள் விமானப் புகையில் பாதி வெறும் 1 சதவீத மக்களால் வந்தது என்றும் ஓர் ஆய்வு சொல்கிறது. ஏகனாபுரத்தில் களையெடுக்கும் ஒரு பெண் விமானம் ஏறியே இருக்க மாட்டார். புயல் வந்தால் முதலில் சாய்வது அவர் நட்ட பயிர்.

தாவர எண்ணெயிலும் கழிவிலும் செய்யும் மாற்று எரிபொருள் வந்துவிடும் என்கிறார்கள். 2024இல் உலக விமான எரிபொருளில் அதன் பங்கு 0.3 சதவீதம்.

நம்பிக்கை: சூரிய மின்சாரத்தில் ஓடும் பசுமை விமான நிலையமாகக் கட்டினால் போதும்.

கொச்சி 2015 முதல் அப்படித்தான் இயங்குகிறது. முனையத்தின் விளக்குக்கும் குளிர்சாதனத்துக்கும் சூரியன் போதும். மேலே பறப்பது மண்ணெண்ணெய்யில்தான்.

நம்பிக்கை: நல்ல இழப்பீடு கிடைக்கும், பிள்ளைகளுக்கு வேலையும் கிடைக்கும்.

இழப்பீடு பட்டா வைத்திருப்பவருக்கு. குத்தகைக்கு உழுபவர், நாற்று நடும் கூலியாள், ஏரி உள்வாயில் மாடு மேய்த்துப் பால் ஊற்றிப் பிழைப்பவர் பெயரெல்லாம் எந்தச் சிட்டாவிலும் இல்லை. 2013ஆம் ஆண்டு மத்திய நிலமெடுப்புச் சட்டம் இவர்களையும் எண்ணத்தான் சமூகத் தாக்க மதிப்பீட்டைக் கொண்டுவந்தது. பரந்தூரில் நிலம் எடுப்பது 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொழில் நோக்கங்களுக்கான நில எடுப்புச் சட்டத்தின்படி. அதில் அந்த மதிப்பீடு கட்டாயமில்லை. யார் என்ன இழக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்காமலே நல்ல இழப்பீடு என்று எப்படிச் சொல்வது?

நம்பிக்கை: எல்லாம் முடிந்துவிட்டது, இனி எதிர்த்துப் பயனில்லை.

பிரான்சில் நாந்த் நகருக்கு அருகே நோத்ர்-தாம்-தே-லாந்த் என்ற ஊரில் விமான நிலையம் கட்டும் யோசனை 1960களில் பிறந்தது. ஈரநிலமும் பண்ணைகளுமான இடம். உழவர்கள் நிலத்தை விட்டுக் கொடுக்கவில்லை. அரை நூற்றாண்டு ஓடியது. 2018 ஜனவரி 17 அன்று அரசு அந்தத் திட்டத்தைக் கைவிட்டு, இருக்கிற நாந்த் விமான நிலையத்தையே மேம்படுத்துவதாக அறிவித்தது.

பரந்தூருக்கு 2025 ஏப்ரலில் கிடைத்தது கொள்கை அளவிலான ஒப்புதல். சுற்றுச்சூழல் அனுமதி அதிலிருந்து தனி. இந்த மாதிரித் திட்டத்துக்கு அந்த அனுமதி தருமுன் பொதுமக்கள் கருத்துக்கேட்பு நடத்தியாக வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை. நேரில் வர முடியாத, அக்கறையுள்ள மற்றவர்களும் எழுத்தில் கருத்து அனுப்பலாம். செம்பரம்பாக்கத்துத் தண்ணீர் குழாயில் வருகிற வீட்டில் இருப்பவர்களுக்கும் இதில் சொல்ல ஒரு சொல் உண்டு. முதலில் மச்சேந்திரநாதன் குழு அறிக்கையைக் கேளுங்கள்.