கூகை யாரையும் கூப்பிடவில்லை

"ராத்திரி சாக்குருவி கத்திச்சு சார், விடிஞ்சா பெரியப்பா போயிட்டாரு."

பெரியப்பாவுக்குப் பதில் அத்தை, எதிர்வீட்டு ஆச்சி, கணக்குப்பிள்ளைத் தாத்தா என்று ஆள் மட்டும் மாறும். கதை மாறாது. கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. சொல்கிறவர்கள் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். விலங்கியலில் பட்டம் வாங்கியவர்கள் சொல்கிறார்கள். என்னிடமே படித்துத் தேறியவர்களும் சொல்கிறார்கள், அதுதான் கூடுதல் எரிச்சல். ஞாயிற்றுக்கிழமை ஆனால் காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டு வடுவூர் ஏரிக்குப் போய், நாமக்கோழியையும் அரிவாள் மூக்கனையும் நத்தைகுத்தி நாரையையும் படம் பிடித்து வருகிற அதே மனிதர், தன் வீட்டு வேப்பமரத்தில் ஆந்தை வந்து உட்கார்ந்தால் கல்லைத் தேடுகிறார். வடுவூருக்கு 2022-இல் ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. வேப்பமரத்துக்கு யார் கொடுப்பது?

முதலில், எது கத்துகிறது என்று பார்ப்போம். நம் ஊர்களில் வீட்டையும் கோயிலையும் ஒட்டி வாழ்கிறவை பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று புள்ளி ஆந்தை. மைனாவைவிடக் கொஞ்சம் பருமன், சாம்பல் கலந்த பழுப்பில் வெள்ளைப் புள்ளிகள். சாயங்காலமே வெளியே வந்து ஜோடியாகக் கிறீச்சிட்டுச் சண்டை போடும். இன்னொன்று கூகை. வெள்ளை முகம், பொன்னிற முதுகு, கறுப்புக் கண். மனிதர்கள் படுத்த பிறகுதான் அதற்குப் பொழுது விடியும். அது அலறுவதில்லை, குழறுவதில்லை; துணியைக் கிழிக்கிற மாதிரி ஒரே ஒரு நீண்ட கீறல் சத்தம். வயிற்றைக் கலக்கும், ஒப்புக்கொள்கிறேன். அந்தச் சத்தம் இன்னொரு கூகைக்கு. "இது என் இடம்" என்றோ, "பெண்ணே, பொந்து பார்த்து வைத்திருக்கிறேன்" என்றோ அதற்கு அர்த்தம். உங்கள் பெரியப்பாவின் பெயர்கூட அதற்குத் தெரியாது.

பிறகு ஏன் சாவுக்கு முன்னால் கேட்டது? எல்லா ராத்திரியும்தான் கேட்கிறது. கத்தியும் யாரும் சாகாத இரவுகளை யாராவது எழுதி வைத்திருக்கிறீர்களா? சாவு வீட்டில் மட்டும்தான் கணக்கெடுப்பு நடக்கிறது. அதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. ஒருவர் படுத்த படுக்கையாகக் கிடக்கிற வீட்டில் ராத்திரி முழுக்க வாசல் விளக்கு எரியும். விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும், இரண்டுக்குமாகப் புள்ளி ஆந்தை வரும். உள்ளே நாலு பேர் தூங்காமல் உட்கார்ந்திருப்பார்கள், ஒவ்வொரு சத்தமும் காதில் விழும். மற்ற நாளில் அந்த நாலு பேரும் மின்விசிறிச் சத்தத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள். ஆந்தை அப்போதும் கத்திக்கொண்டுதான் இருந்தது.

இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய ஆட்கள் இதில் நம்மைவிடத் தெளிவு. நற்றிணையின் 83-ஆம் பாட்டு ஒரு கூகையிடம் நேராகவே பேசுகிறது. ஊர்த்துறைக்குப் பக்கத்தில் பழைய மரத்தில் குடியிருக்கிற கூகை. வளைந்த அலகையும் கூரிய நகத்தையும் புலவர் விடாமல் சொல்லியிருக்கிறார். கறி போட்ட நெய்ச்சோறும் சுட்ட எலியும் தருகிறோம், காதலன் வருவானா என்று தூங்காமல் தவிக்கிற நேரத்தில் பயம் வருகிற மாதிரிக் கத்தாதே என்பதுதான் கோரிக்கை. பயம் இருக்கிறது, சாவு இல்லை. முக்கியமாக, அதற்கு லஞ்சம் கொடுப்பதென்றால் எலியைக் கொடுக்க வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. சுடுகாட்டுக் கூகை வருகிற சங்கப் பாட்டுகளும் உண்டே என்று புலவர் குழு கிளம்பும். உண்டு. அங்கே பழைய மரம் இருந்தது, பொந்து இருந்தது, ஆள் தொந்தரவு இல்லை. எந்தப் பறவையும் அங்கேதான் குடியேறும்.

பாழடைந்த வீட்டிலும் பழைய அரிசி ஆலையிலும் ராத்திரியில் "பேய் மூச்சு விடுகிறது" என்பார்களே, அது கூகைக் குஞ்சு. பசித்தால் அழாது, சீறும். புஸ் புஸ் என்று மணிக்கணக்கில் சீறிக்கொண்டே இருக்கும். முட்டைகளை ஒரே நாளில் இடாமல் இடைவெளி விட்டு இடுவதால் குஞ்சுகளும் பெரிதும் சிறிதுமாக இருக்கும். ஒன்று பசி ஆறினால் இன்னொன்று ஆரம்பிக்கும். 2017-இல் விசாகப்பட்டினத்தில் ஒரு கட்டடத்தில் நிமிர்ந்து நின்ற மூன்று குஞ்சுகளைப் படம் எடுத்து, வேற்றுக்கிரகவாசிகள் என்று நாடெல்லாம் அனுப்பினார்கள். நம் பத்திரிகைகளும் சளைத்தவை அல்ல. காக்கைகள் துரத்திக் களைத்து விழுந்த கூகையை யாராவது பிடித்துக் கொடுத்தால், "அபூர்வ வெளிநாட்டு ஆந்தை சிக்கியது" என்று செய்தி வரும். வெளிநாடும் இல்லை, அபூர்வமும் இல்லை. அந்தத் தெருவில் உங்கள் தாத்தா காலத்திலிருந்து அதற்குக் குடியுரிமை இருக்கிறது. நீங்கள்தான் பார்த்ததில்லை.

பார்க்க வேண்டுமானால் தலையை நிமிர்த்த வேண்டியதில்லை, குனிந்தால் போதும். கோயில் மதிலோரம், மண்டபத் தூணடி, கிணற்றுச் சுவர் ஓரம் இங்கெல்லாம் கட்டைவிரல் பருமனில் கறுப்பு உருண்டை கிடந்தால் எடுங்கள். புதியதென்றால் வார்னிஷ் அடித்த மாதிரி மின்னும், பழையதென்றால் சாம்பல் பூத்து உதிரும். எச்சம் என்று முகம் சுளிக்க வேண்டாம், அது வாய்வழியாக வந்தது. கூகை எலியை மென்று தின்பதில்லை, முழுசாக விழுங்கும். செரிக்காத எலும்பையும் மயிரையும் உருட்டி உமிழ்ந்துவிடும். வெந்நீரில் ஊறவைத்து ஊசியால் பிரித்தால், மயிருக்கு நடுவே மண்டை ஓடு அப்படியே கிடைக்கும். முன்பல் மஞ்சளாக, உளி மாதிரி வளைந்திருக்கும். தாடையை வைத்து எந்த எலி என்றே சொல்லிவிடலாம். மயிலாடுதுறையை அடுத்த மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியின் விலங்கியல் ஆய்வாளர்கள் 1990-களில் காவிரிப் படுகையில் இந்த உருண்டைகளைப் பிரித்துத்தான் கூகையின் சாப்பாட்டைக் கண்டறிந்தார்கள். பெரும்பங்கு, நம் நெல்லைத் தின்கிற எலிகள். மூஞ்சூறும் சின்னப் பறவைகளும் கொசுறு.

கும்மிருட்டில் எலியை எப்படிப் பிடிக்கிறது? ரோஜர் பேய்ன் என்ற அமெரிக்கர், பின்னாளில் திமிங்கிலப் பாட்டைப் பதிவு செய்து புகழ்பெற்றவர், துளி வெளிச்சம் இல்லாத அறையில் கூகையை விட்டுப் பார்த்தார். சருகில் எலி நடந்த சத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு பிடித்துவிட்டது. அதன் இரண்டு காதுகளும் ஒரே மட்டத்தில் இல்லை. சத்தம் மேலிருந்து வருகிறதா கீழிருந்து வருகிறதா என்பது அதனால் தெரிகிறது. இறகின் ஓரம் சீப்புப் பல்லாக இருப்பதால் பறக்கிற சத்தம் எலிக்குக் கேட்பதில்லை. இதில் மந்திரத்துக்கு வேலை எங்கே?

சம்பா கதிர் வாங்குகிற நேரத்தில் வரப்பில் நடந்து பாருங்கள். தூர் தூராகச் சாய்வாக வெட்டிப் போட்டிருக்கும். தின்றது கொஞ்சம், வளைக்குள் இழுத்துப் போய்ச் சேர்த்தது நிறைய. இதற்கு நம்மிடம் தஞ்சாவூர்க் கிட்டி இருக்கிறது. மூங்கிலை வில்லாக வளைத்து, நாணில் எலியின் கழுத்தை நெரிக்கிற பொறி. சாயங்காலம் நூறு கிட்டி வைத்துவிட்டு விடிகாலையில் எலியும் கையுமாக வருகிற கிட்டிக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள், குறைந்துகொண்டே இருக்கிறார்கள். கூலி கேட்காத கிட்டிக்காரன் ஒருவன் ராத்திரி வந்தால் அவன்மீது கல்லை எறிகிறோம். வேளாண்மைத் துறையே வயலில் ஆந்தை உட்காரத் தாங்கி வைக்கச் சொல்கிறது. தனியாகச் செலவே இல்லை. தென்னை மட்டையைத் தலைகீழாக நட்டால் முடிந்தது. பகலில் அதே மட்டையில் கரிச்சான் உட்கார்ந்து பூச்சி பிடிக்கும், இருட்டியதும் ஆந்தை வரும்.

இப்போது எதிர்ப்பக்கத்து ஆசாமிகளுக்கும் ஒரு வார்த்தை. "ரெண்டு ஆந்தை வந்தா ஊர்ல எலியே இருக்காது" என்று மேடையில் பேசுகிற இயற்கை ஆர்வலர்களைச் சொல்கிறேன். அதுவும் புருடாதான். ஒரு கூகை ஒரு ராத்திரிக்குப் பெரிய எலி என்றால் ஒன்று, சுண்டெலி என்றால் மூன்று நான்கு பிடிக்கும். எலியோ மூன்று வாரத்தில் குட்டி போடும். வரப்பை ஒல்லியாக வைக்க வேண்டும், ஊரே ஒரே நேரத்தில் நட வேண்டும், கிட்டியும் வேண்டும், ஆந்தையும் வேண்டும். மலேசியாவின் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களிலும் இஸ்ரேலின் வயல்களிலும் 1980-களிலிருந்து பெட்டி வைத்துக் கூகை வளர்க்கிறார்கள் என்றால், அங்கே யாரோ விடாமல் பெட்டியைப் பராமரிக்கிறார்கள் என்று பொருள்.

நாம் என்ன செய்கிறோம்? விஷக் கட்டி வாங்கி வளை வாயில் போடுகிறோம். புரோமடையலோன் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாள் தள்ளாடிக்கொண்டு வெட்டவெளியில் திரியும். ஓட முடியாத எலிதான் கூகைக்கு லேசாகக் கிடைக்கும். விஷம் அதோடு சேர்ந்து உள்ளே போகும். இன்னும் சில பேர் வரப்பில் திருட்டு மின்கம்பி இழுக்கிறார்கள். அதில் தண்ணீர் பாய்ச்சப் போன மனிதர்களே செத்திருக்கிறார்கள். அந்தச் சாவுக்கு எந்த ஆந்தை கத்தியது என்று யாரும் கேட்பதில்லை. சாவைக் கொண்டுவருகிற பறவை என்று ஒரு பக்கம் விரட்டுகிறோம். பணத்தைக் கொண்டுவரும் என்று இன்னொரு பக்கம் தீபாவளி சமயத்தில் வட இந்தியச் சந்தைகளில் பூசைக்காக விற்கிறார்கள். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி ஆந்தையைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். எறிகிற கல்லும் இதில் சேர்த்தி.

மற்ற வதந்திகளுக்கு இவ்வளவு மரியாதை தேவையில்லை.

செல்போன் கோபுரம் சிட்டுக்குருவியைக் கொன்றது: 2018-இல் ஒரு சினிமா வந்ததிலிருந்து இது வேதவாக்கு. நிரூபணம் கிடையாது. 2020-இல் வெளிவந்த இந்தியப் பறவைகள் நிலை அறிக்கை, நாட்டளவில் சிட்டுக்குருவி ஏறக்குறைய நிலையாக இருப்பதாகவும் பெருநகரங்களில்தான் குறைந்திருப்பதாகவும் சொல்கிறது. ஓட்டு வீட்டு இறவாணமும், சிந்திய நெல்லும், குஞ்சுக்கு ஊட்டப் புழுவும் இருக்கிற இடத்தில், கோபுரத்து நிழலிலேயே கூடு கட்டிக்கொண்டிருக்கிறது.

சாரைதான் நல்லபாம்புக்கு ஆண்: இரண்டும் வேறு இனம். பின்னிக்கொண்டு எழும்புவது இரண்டு ஆண் சாரைகள், பலப்பரீட்சை. மேலே துணி போட்டு எடுத்து வைத்தால் செல்வம் சேராது. சாரையை அடிக்காமல் விட்டால் எலி குறையும், அது செல்வம்.

தூக்கணாங்குருவி மின்மினியைக் களிமண்ணில் ஒட்டிக் கூட்டுக்கு விளக்கேற்றும்: களிமண் இருப்பது உண்மை, விளக்கு இல்லை. 1930-களின் தொடக்கத்தில் சாலிம் அலி இந்தக் குருவியின் கூட்டு வாழ்க்கையை உட்கார்ந்து பார்த்து எழுதினார். ஆண் கூட்டைப் பாதி கட்டும், பெண் வந்து பார்த்துப் பிடித்தால் குடியேறும், மீதியைக் கட்டிவிட்டு ஆண் அடுத்த கூட்டுக்கும் அடுத்த பெண்ணுக்கும் போய்விடும். உண்மைக் கதையே இவ்வளவு சுவையாக இருக்கையில் மின்மினி எதற்கு?

கொக்கு நெல்லைத் தின்னும்: தின்னாது. டிராக்டர் பின்னால் அது நடப்பது பூச்சிக்கும் தவளைக்கும் நண்டுக்கும். மயில் நெல்லைத் தின்னும் என்பது வதந்தி இல்லை, அது வேறு வழக்கு.

தூக்கணாங்குருவி என்றதும் பனை ஞாபகம் வருகிறது. ஆந்தைக்கும் கடைசிப் பொந்து அதில்தான். கோயில் திருப்பணி என்றால் கோபுர மாடத்தில் வலை அடித்துப் பொந்தை அடைப்பதுதான் முதல் வேலை என்றாகிவிட்டது. வீடுகளில் ஓடு போய்த் தளம் வந்தாயிற்று. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்திலிருந்து பட்டுக்கோட்டை, பேராவூரணி வரை மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனது. மிச்சம் இருக்கிற பொந்து மொட்டைப் பனையில்தான். குருத்துப் பட்டுப்போய்த் தலை உதிர்ந்து நிற்கிற பனையை ஒரு மாதம் கவனித்துப் பாருங்கள். கிளி, மைனா, பனங்காடை, புள்ளி ஆந்தை எல்லாம் மாடி மாடியாகக் குடியிருக்கும். பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-இன் வேளாண் நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது. நல்லது. ஆனால் காய்ந்த மரம்தானே என்று மொட்டைப் பனைக்கு யாரும் அனுமதி கேட்பதில்லை, செங்கல் சூளை லாரி வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. அதே ஊரில் பனை விதை நடும் விழாவுக்குப் பந்தல் போட்டுப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். இன்று நட்ட விதை மரமாகி, மொட்டையாகி, பொந்து விழ எத்தனை தலைமுறை ஆகும் என்று அந்த மேடையில் யாராவது கணக்குச் சொல்லட்டும்.

ஜனவரி 26 அன்று கிராம சபை கூடும். வாய்க்கால் கரையிலும் ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் நிற்கிற மொட்டைப் பனைகளை எண்ணி, சர்வே எண்ணோடு பட்டியல் எழுதிக்கொண்டு போங்கள். இவற்றை ஏலம் விடக் கூடாது என்று ஒரு தீர்மானம் போட்டுப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். பட்டா நிலத்தில் நிற்பதை நீங்களே விட்டுவைக்கலாம், அதற்கு யார் கையெழுத்தும் வேண்டாம்.